யார்க்: மதில்மேல் நடந்து படித்த வரலாறு

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு வரும் ஐந்தாம் பாடவேளையில் நம் பிள்ளைகள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை இன்று நாமும் கொஞ்சம் அனுபவிக்கிறோம். அதனால் கருத்துரை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து, உங்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க்.

என் மகள் பக்கத்து நகரமான லீட்ஸில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மே மாத விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். லீட்ஸிலிருந்து யார்க்குக்கு ரயிலில் அரைமணி நேரம்தான். நான்கு நாள்கள் அங்கே தங்கினேன். "இங்கிலாந்து வரை போய் லண்டனைச் சரியாகப் பார்க்காமல் வந்தீர்களா?" என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். லண்டன் பெரிது, அதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றே தெரியாது. யார்க் ஒரு பாடத்தின் அளவில் இருக்கிறது. காலையில் நடக்கத் தொடங்கினால் மாலைக்குள் 2,000 ஆண்டுகளைச் சுற்றி வந்துவிடலாம்.

முதல் நாள் என்னைக் குழப்பியவை தெருப் பெயர்கள். ஸ்டோன்கேட், பீட்டர்கேட், மிக்கிள்கேட், காப்பர்கேட் என்று எங்கு பார்த்தாலும் 'கேட்'. ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் 'கேட்' என்றால் வாயில் என்று சொல்லிவிடும். ஆனால் அந்தத் தெருக்களில் வாயில் எதுவும் இல்லை. உண்மையான நகர வாயில்களை அவர்கள் 'பார்' என்கிறார்கள்: மிக்கிள்கேட் பார், பூத்தம் பார், மங்க் பார், வாம்கேட் பார். விசாரித்த பிறகுதான் விளங்கியது. இந்தக் 'கேட்' வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்த சொல்; 'காட்டா' என்றால் தெரு. கி.பி. 866இல் கடல் கடந்து வந்து இந்த ஊரைப் பிடித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கடைசி அரசன் எரிக் 954இல் விரட்டப்பட்டான். ஆட்சி நூறு ஆண்டுகூட நிலைக்கவில்லை; தெருவைக் குறிக்கும் சொல் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. தபால்காரரும் வாடகை கார் ஓட்டுநரும் அதைத்தான் தினமும் சொல்கிறார்கள்.

ஊரின் பெயரும் இப்படித்தான். கி.பி. 71இல் ரோமானியப் படை இங்கே ஒரு கோட்டை கட்டி 'எபோராக்கம்' என்றது. அது அந்த மண்ணின் பழங்குடிப் பெயரை ரோமானிய நாக்கு உச்சரித்த விதம். அடுத்து வந்த ஆங்கிலோ-சாக்சன்களுக்கு அந்தப் பெயர் புரியவில்லை. தங்கள் மொழியில் காட்டுப்பன்றியைக் குறிக்கும் சொல்போலக் காதில் விழவே 'எயோஃபோர்விக்' என்றார்கள். வைக்கிங்குகள் வாயில் அது 'யோர்விக்' ஆனது. பிறகு தேய்ந்து யார்க். வந்தவர்கள் யாரும் பெயரை அழித்துப் புதிதாக எழுதவில்லை. காதில் விழுந்ததைத் தங்கள் நாக்குக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ரோமானியர் பாடம், சாக்சன் பாடம், வைக்கிங் பாடம் என்று தனித்தனியாக நடத்துவதைவிட இந்த ஒரு பெயரைக் கரும்பலகையில் நான்கு வரியாக எழுதிக் காட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

ரோமானியர்களுக்கு இது எல்லைப்புறப் பட்டிக்காடு அல்ல. செப்டிமியஸ் செவரஸ் என்ற பேரரசர் 211இல் இறந்தது இந்த ஊரில்தான். 306இல் கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான். கான்ஸ்டான்டிநோபிளைப் பற்றி நம் பாடநூலில் படிக்கிறோமே, அதை உருவாக்கியவர் முடிசூடிய கதை இந்த மழை ஊரில் தொடங்குகிறது. பேராலயத்துக்கு வெளியே அவருடைய வெண்கலச் சிலை சாய்ந்து அமர்ந்திருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் அதன் காலடியில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். நானும் தின்றேன்.

நகரைச் சுற்றி இன்னும் மதில் நிற்கிறது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர். இங்கிலாந்தில் இவ்வளவு நீளமாக எஞ்சியிருக்கும் நகர மதில் வேறில்லை. மேலே ஏறி நடக்கலாம், கட்டணம் கிடையாது. ஒரு பக்கம் வீட்டுத் தோட்டங்களும் துணி காயும் கொடிகளும், மறுபக்கம் பேருந்துகள். முழுச் சுற்றும் வர எனக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வேகமாக நடப்பவர்களுக்குக் குறைவாகவே ஆகும்.

இந்த மதில் தப்பியது தானாக நடந்ததல்ல. 1800இல் நகராட்சியே இதை இடித்துவிட அனுமதி கேட்டது. பழுதுபார்க்கச் செலவு, வண்டி போக இடைஞ்சல், எதிரி வரப்போவதில்லை, பிறகு எதற்கு? காரணங்களைக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கின்றன; இன்றைக்கும் எந்த நகராட்சிக் கூட்டத்திலும் கேட்கக்கூடியவை. எதிர்ப்பு எழுந்தது. வழக்கும் வாதமும் பல ஆண்டுகள் நீண்டன. இதற்கிடையில் மூன்று வாயில்களின் முன்கோட்டைகளை இடித்தும்விட்டார்கள். வாம்கேட் பாரில் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. மதிலுக்காக வாதாடியவர்களில் ஒருவர் வில்லியம் எட்டி என்ற ஓவியர். அவர் அந்த ஊர்க்காரர். ஓவியக் கூடத்துக்கு முன்னால் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பிறகு ரயில் வந்தபோது, மதிலில் வளைவு போட்டு அதன் வழியே தண்டவாளத்தை உள்ளே கொண்டுபோனார்கள். இடித்துத் தள்ளுவது, அப்படியே வைத்திருப்பது என்ற இரண்டு வழிகள்தான் உண்டு என்று நாம் விவாதிக்கும்போது எனக்கு அந்த வளைவுகள் நினைவுக்கு வருகின்றன.

இனி பேராலயம். 'மின்ஸ்டர்' என்கிறார்கள். இப்போது நாம் காணும் கட்டடம் 1220 வாக்கில் தொடங்கி 1472இல் முடிந்தது. அதன் கிழக்குச் சாளரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்துச் செய்தது. பரப்பில் டென்னிஸ் ஆடுகளத்தோடு ஒப்பிடுவார்கள். உலகத்தின் தொடக்கமும் முடிவும் அதில் படக்கதையாக வருகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு அதுதான் பாடநூல் என்று வழிகாட்டி சொன்னார். அவ்வளவு உயரத்தில் உள்ள சிறு படங்களைக் கீழே நின்று யார் பார்த்திருக்க முடியும் என்று எனக்குச் சந்தேகம்தான். இருநோக்கி வைத்துப் பார்த்தும் எனக்குப் பாதி தெரியவில்லை.

செய்தவர் ஜான் தார்ன்டன், கவன்ட்ரி ஊர்க்காரர். 1405இல் அவரோடு போட்ட ஒப்பந்தத்தின் விவரம் கிடைத்திருக்கிறது. வாரம் 4 ஷில்லிங் கூலி, ஆண்டு முடிவில் 5 பவுண்டு, மூன்று ஆண்டுக்குள் முடித்துக் கொடுத்தால் மேற்கொண்டு 10 பவுண்டு. முக்கியமான ஓவியங்களை அவரே தம் கையால் வரைய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. 1408இல் முடித்துவிட்டார். கணக்கு ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆண்டுக்கு 52 வாரம், மொத்தம் அவர் வாங்கியது எவ்வளவு? சுமார் 56 பவுண்டு வர வேண்டும். எங்கள் பள்ளி ஏழாம் வகுப்பில் இதைக் கொடுத்தபோது, கணக்கை முடித்த ஒரு சிறுமி, "உதவியாள்களுக்கு யார் சார் கூலி கொடுத்தது?" என்று கேட்டாள்.

அந்தச் சாளரத்தை 311 பலகங்களாகக் கழற்றி, துடைத்து, பழுதுபார்த்து, மறுபடியும் பொருத்தி முடித்தது 2018இல். தார்ன்டன் செய்ய மூன்று ஆண்டு. செப்பனிட அதைவிடப் பல மடங்கு காலம். இரண்டு உலகப் போர்களின்போதும் சாளரக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1942 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது நகர மன்றமும் ரயில் நிலையமும் எரிந்தன, மின்ஸ்டர் தப்பியது.

ஆனால் 1984 ஜூலை 9 விடியற்காலையில் அதன் தென்பகுதிக் கூரை தீப்பிடித்து விழுந்தது. மின்னல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். அதைத் திரும்பக் கட்டும்போது ஒரு காரியம் செய்தார்கள். நான் அங்கு கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மரக்கூரையில் விட்டங்கள் கூடும் இடங்களில் செதுக்கிய குமிழ்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கான வடிவத்தை வரையச் சொல்லி, 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மூலம் குழந்தைகளுக்குப் போட்டி வைத்தார்கள். இன்று அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தால் நிலவில் மனிதன் கால் வைத்த காட்சியும், கடலடியிலிருந்து மேரி ரோஸ் என்ற பழைய கப்பலைத் தூக்கிய காட்சியும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரைந்தவை. தேர்ந்த தச்சர்கள் செதுக்கியவை. குழந்தைகள் வரைந்ததைச் சுவரில் ஒட்டிவைத்துப் பாராட்டிவிட்டு ஆண்டு முடிவில் கழித்துவிடுகிறோம். அவர்கள் அதை 13ஆம் நூற்றாண்டுச் சுவர்களுக்கு மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை அகழாய்வு நடந்தது. பழைய மிட்டாய்த் தொழிற்சாலையை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுவதற்கு முன் நடந்த வேலை. ஈரமும் காற்றுப் புகாத மண்ணும் சேர்ந்ததால் மரம், தோல், துணிகூட மக்காமல் கிடந்தன. கம்பளி நூலால் பின்னிய ஒரு காலுறைகூடக் கிடைத்தது. 'காப்பர்கேட்' என்றால் செம்புத் தெரு என்று நினைத்துவிடாதீர்கள். மரக் கிண்ணம் கடைபவர்களின் தெரு என்று பொருள் சொல்வார்கள். தோண்டியபோது கிண்ணம் கடைந்த கழிவு மரத்துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. பெயர் ஒரு சான்று, மண் ஒரு சான்று. இரண்டும் ஒன்றையே சொன்னால் அதற்குமேல் என்ன வேண்டும்?

அந்த இடத்தின் அடியிலேயே 1984 முதல் யோர்விக் காட்சியகம் இருக்கிறது. சிறு வண்டியில் உட்காரவைத்து வைக்கிங் தெருவுக்குள் அழைத்துப் போகிறார்கள். மீன் நாற்றம், புகை நாற்றம் எல்லாம் செயற்கையாக வருகிறது. எனக்கு அது கொஞ்சம் திருவிழாக் கடைபோலத்தான் பட்டது. ஆனால் குழந்தைகள் கூட்டமாக நிற்கும் இடம் வேறு. ஒரு கண்ணாடிப் பெட்டியில், 1972இல் ஒரு வங்கிக் கட்டடம் கட்டத் தோண்டியபோது கிடைத்த, கல்லாகிப்போன வைக்கிங் மலம் இருக்கிறது. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். இறைச்சியும் ரொட்டியும் அதிகம் தின்ற மனிதர், வயிற்றில் பூச்சி இருந்தது என்பதெல்லாம் அதிலிருந்து தெரிகிறது. 2003இல் பார்வையாளர்களுக்குக் காட்டும்போது கீழே விழுந்து மூன்றாக உடைந்து, பிறகு ஒட்டவைத்தார்கள். குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசைகூட எழுந்து உட்காரும்.

ஷாம்பிள்ஸ் என்ற பழைய கசாப்புக்காரர் தெருவைப் பற்றி எல்லாப் பயணநூல்களும் புகழ்கின்றன. இருபுறமும் மாடிகள் முன்சரிந்து, எதிர்வீட்டாரோடு கைகுலுக்கலாம் போல இருக்கிறது. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் உண்டு. ஆனால் இன்று அங்கே புகைப்படம் எடுப்பவர்களின் தலைகள்தான் தெரிகின்றன. காலை எட்டு மணிக்கு முன் போனால் தெருவைப் பார்க்கலாம்.

கோட்டை அருங்காட்சியகம் பழைய சிறைக் கட்டடங்களில் நடக்கிறது. ஜான் கிர்க் என்ற கிராமத்து மருத்துவர், அன்றாடப் புழங்குபொருள்கள் மறைந்துபோவதைக் கண்டு சேர்த்து வைத்தவை 1938இல் அருங்காட்சியகமாயின. அதே சிறையில் இருந்தவன் டிக் டர்பின் என்ற வழிப்பறிக் கொள்ளைக்காரன். ஜான் பால்மர் என்று பெயரை மாற்றிக்கொண்டு, குதிரைத் திருட்டு வழக்கில் அடைபட்டிருந்தான். சிறையிலிருந்து மைத்துனருக்குக் கடிதம் போட்டான். அக்காலத்தில் தபால் கட்டணத்தைப் பெறுபவர்தான் கொடுக்க வேண்டும்; மைத்துனர் மறுத்துவிட்டார். கடிதம் அஞ்சலகத்தில் கிடந்தது. அதன் மேலுறையைத் தற்செயலாகப் பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்மித், சிறுவயதில் டர்பினுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர். கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். யார்க் வரை போய் ஆளையும் காட்டிக்கொடுத்து 200 பவுண்டு பரிசு பெற்றார். 1739இல் டர்பின் தூக்கிலிடப்பட்டான். குதிரையில் ஓர் இரவில் லண்டனிலிருந்து யார்க் வந்தான் என்பதெல்லாம் பின்னால் நாவல் பரப்பிய கதை. கையெழுத்துக் கதை மெய். நாற்பது ஐம்பது நோட்டுகளைப் பெயர் பார்க்காமலே யாருடையது என்று சொல்லும் உங்களுக்கு அது வியப்பாக இருக்காது.

அந்த அருங்காட்சியகத்துக்கு எதிரே ஒரு பச்சைப் புல்மேடு, உச்சியில் வட்டமான கல் கோபுரம். கிளிஃபர்டு கோபுரம். அஞ்சலட்டைகளில் மிக அழகாக இருக்கும். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இப்போதுள்ள கற்கோபுரம் 13ஆம் நூற்றாண்டினுடையது. அதற்கு முன் அங்கே மரக்கோபுரம் இருந்தது. 1190 மார்ச்சில் யார்க்கின் யூதக் குடும்பங்கள் வெறிக்கும்பலுக்கு அஞ்சி அதற்குள் அடைக்கலம் புகுந்தன. சுமார் 150 பேர். வெளியே முற்றுகை. தப்ப வழியில்லை என்று ஆனபோது, மார்ச் 16 இரவில் பெரும்பாலானோர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள், கோபுரமும் எரிந்தது. மதம் மாறுகிறோம், உயிர்ப்பிச்சை தாருங்கள் என்று நம்பி வெளியே வந்தவர்களையும் கும்பல் கொன்றது. நூறாண்டு கழித்து, 1290இல், இங்கிலாந்திலிருந்தே யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மேட்டின் அடியில் இதற்கு ஒரு நினைவுக்கல் வைக்கப்பட்டது 1978இல்தான். மேட்டில் டாஃபடில் பூக்களை நட்டிருக்கிறார்கள். ஆறிதழ் கொண்ட பூ, யூதர்களின் ஆறுமுனை விண்மீனை நினைவூட்ட. மார்ச்சில் பூக்கும். நான் போனது மே மாதம்; பூ முடிந்து தாள் மட்டும் இருந்தது.

நான் அங்கே இருந்தபோது ஒரு பள்ளிக் குழு வந்தது. பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய ஆசிரியை என்ன சொல்லப் போகிறார் என்று, உங்களைப் போலவே, நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் சாவுகளை விவரிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. நடந்ததை நான்கே வாக்கியங்களில் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் முடிந்ததும் அந்தக் கும்பல் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மின்ஸ்டருக்கு ஓடியது. அங்கே பாதுகாப்பாக வைத்திருந்த சில காகிதங்களை எடுத்து எரித்தது. என்ன காகிதங்களாக இருக்கும்?"

பிள்ளைகள் பலவாறு சொன்னார்கள். வேத நூல், ராஜாவின் கடிதம், பெயர்ப் பட்டியல். ஒரு பையன் மெதுவாக, "கடன் பத்திரமா?" என்றான். ஆம், கடன் பத்திரங்கள்தான். கும்பலுக்குத் தலைமை தாங்கியவர்களில் யூதர்களிடம் பெருங்கடன் வாங்கிய பிரபுக்கள் இருந்தார்கள். பத்திரம் எரிந்தால் கடன் இல்லை. அரசருக்கும் அதில் நட்டம். அதனால்தான் 1194 முதல் கடன் பத்திரங்களுக்கு நகலெடுத்து அரசுப் பெட்டகங்களில் வைக்கும் ஏற்பாடு வந்தது. உயிர்களைக் காக்க அல்ல, கணக்கைக் காக்க.

அந்த ஆசிரியை "இந்த மதத்தார் கெட்டவர்கள், அந்த மதத்தார் பாவம்" என்று சொல்லவேயில்லை. வெறுப்புக்குப் பின்னால் யாருக்கு என்ன ஆதாயம் என்று பத்து வயதுப் பிள்ளையைக் கேட்கவைத்துவிட்டார். "சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்?" என்று இந்தக் கதையைக் கேட்ட சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் கேள்விப்படுவார்கள், வேறு யாரோ ஒருவரிடமிருந்து, அந்தக் கடைசிக் கேள்வி இல்லாமல்.

ரயில் அருங்காட்சியகத்தை ஒரே வரியில் சொல்கிறேன்: நுழைவுக் கட்டணம் இல்லை, 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடிய மல்லார்டு நீராவி எஞ்சின் அங்கே நிற்கிறது. அறிவியல் ஆசிரியர்கள் அரைநாள் ஒதுக்குங்கள்.

யார்க் சாக்லெட் ஊரும்கூட. ரவுண்ட்ரீ குடும்பத்தின் தொழிற்சாலை இங்கேதான். அந்த வீட்டுப் பிள்ளை சீபோம் ரவுண்ட்ரீ 1899இல் ஊரின் தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901இல் நூலாக வெளியிட்டார். ஊர் மக்களில் நூற்றுக்கு 28 பேர் வறுமையில் இருப்பதாகக் கண்டார். சோம்பேறித்தனமும் குடியும்தான் வறுமைக்குக் காரணம் என்று பலர் நம்பிய காலம். வறியவர்களில் ஒரு பெரும் பகுதியினர் முழுக்கூலியையும் ஒரு காசு வீணாக்காமல் செலவிட்டாலும் உடலைக் காக்கப் போதாது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் எடுத்துப் பார்த்தார். ஒரே வயதில் ஏழை வீட்டுப் பிள்ளை குட்டையாகவும் மெலிந்தும் இருந்தது. 1906இல் அங்கே பள்ளி உணவுக்குச் சட்டம் வந்ததற்கான சூழலை உருவாக்கியவற்றில் இத்தகைய ஆய்வுகளும் உண்டு. காலை உணவு பரிமாறும் நேரத்தில் பிள்ளைகளின் உயரம், எடைப் பதிவேட்டைப் புரட்டும்போது எனக்கு அந்த மனிதர் நினைவு வரும்.

நம் தொழில்காரர் ஒருவரும் இந்த ஊரில் இருந்தார், அல்குயின். 8ஆம் நூற்றாண்டில் யார்க் பேராலயப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். அங்கிருந்த நூலகம் அக்கால ஐரோப்பாவில் பேர்பெற்றது. பேரரசர் சார்லமேன் அவரைத் தம் அரசவைக்கு அழைத்துக்கொண்டார். அரசருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னார். அந்த நூலகத்தின் ஓர் ஏடுகூட இன்று யார்க்கில் காணக் கிடைக்கவில்லை. அவர் பெயரில் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. வாசலில் மாணவர்கள் சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். ஒரு பக்கத்தில் தார்ன்டன் கூலிக் கணக்கு. மறுபக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் பள்ளி இருக்கும் ஊரில் நீங்கள் தினமும் கடக்கும் ஐந்து தெருக்களின் பெயரை அதில் எழுதுங்கள். பெயருக்குக் காரணம் தெரிந்தவற்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். தேநீர் வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். குடித்துவிட்டு வந்து தாள்களை மாற்றிக்கொள்வோம்.